இருதயத்துக்கு ஏற்றிய சாயம்

உப்புவெளிக் கடலிலே கண்ணைத் திறந்துகொண்டு மூழ்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே வந்ததும் கண் எரியும்; சிவக்கும்; சிறிது நேரம் கோணேசர் மலைகூடக் கலங்கித்தான் தோன்றும். உப்பில்லாத குளத்து நீரிலே அவ்வாறு மூழ்கினால் அத்தனை எரிச்சல் இராது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்குமிடத்து நீரோ இரண்டுக்கும் நடுத்தரமானது. திருக்கோணமலைக் கரையோரப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்தி இது. அறிந்த காரணத்தினாலேயே இதைப்பற்றி யாரும் நின்று யோசிப்பதில்லை.

சுவீடன் தேசத்திலே ஒருவர் நின்று யோசித்தார். தோர்ஸ்தன் அல்மேன் என்பது அவர் பெயர். எக்ஸ் கதிர்ப் படம் பிடிக்கும் துறையிலே வைத்தியராக இருந்தவர். உப்பு மிகுந்த மேற்குக் கரைக் கடலிலே நீந்தினால் கண் எரிகிறது. உப்புக் குறைந்த பால்டிக் கடலிலே நீந்தினால் எரியவில்லை. இரத்தக் குழாயைப் படம் பிடிப்பதற்காகத் தாம் ஏற்றும் சாயம் நோயாளரை வேதனையால் துடிக்கச் செய்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாகாதோ என்று அவருக்குத் தோன்றியது. அந்தச் சாயங்கள் இரத்தத்தைக் காட்டிலும் ஐந்தாறு மடங்கு செறிவுடையவை. கடல் நீரையும் விஞ்சியவை. அவ்வளவு செறிந்த நீர்மம் குழாய்க்குள்ளே இறங்கினால், சுற்றிலுமுள்ள உயிரணுக்களின் நீரை அது இழுத்துக்கொள்ளத்தானே செய்யும்? பிரசாரணம் என்று நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லும் விதி இதுவே. 1969ஆம் ஆண்டிலே அல்மேன் தம் எண்ணத்தை எழுதி வெளியிட்டார். அதன்வழியே நோர்வேயிலே புதுவகைச் சாயங்கள் பிறந்தன. இன்று உலகெங்கும் இருதயத்தைப் படம் பிடிக்கும் கூடங்களிலே பயன்படுவன அந்தக் குலத்தைச் சேர்ந்தவையே.

இருதயத்தின் பொருட்டு ஏற்றும் இந்தச் சாயம் சிலவேளை சிறுநீரகத்தைக் காயப்படுத்திவிடுகிறது. அது ஏன், எவருக்கு, எப்போது என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது நம் மாவட்டத்தவருக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன். குறிப்பாக 'எப்போது' என்பதை.

சாயம் என்று சொல்கிறோமே தவிர, இதற்கு நிறம் இல்லை. பார்வைக்குத் தண்ணீர் போலத்தான் இருக்கும். தொட்டால் சற்றுப் பிசுபிசுக்கும். இதன் உயிர்நாடி அயடீன். 1811இல் பிரெஞ்சு நாட்டவரான கூர்த்துவா என்பவர் கடற்பாசியின் சாம்பலிலிருந்து கண்டெடுத்த பொருள் அது. அயடீன் அணு கனமானது. எலும்பை எக்ஸ் கதிர் எளிதிற் கடவாதது போலவே அயடீனையும் கடவாது. ஆகவே, அயடீன் கலந்த நீர்மம் ஓடுமிடமெல்லாம் படத்திலே தெளிவாகத் தெரியும். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் மிகவும் மெல்லியவை. அவற்றில் எது அடைபட்டது, எவ்விடத்திலே, எவ்வளவு என்று அறியவேண்டுமானால் கையிலோ தொடையிலோ உள்ள நாடி வழியாக நுண்குழலைச் செலுத்தி, இருதயத்தின் வாயிலிலே இந்தச் சாயத்தை விட்டுப் பார்க்கவேண்டும். இதைத்தான் அஞ்சியோகிராம் என்கிறோம். அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்னும் வலைக்குழலை வைப்பதும் சாயத்தின் துணைகொண்டே நடைபெறுகிறது. படம் பார்ப்பதற்கு மாத்திரம் ஐம்பது முதல் நூறு மில்லிலீற்றர் வரை செல்லலாம். வலைக்குழல் வைப்பதென்றால் அது இரண்டு மடங்காகும். சிக்கலான அடைப்பாயின் அதற்கும் மேலே போகும்.

இந்தக் கலையின் வரலாற்றிலே ஒரு விநோதம் உண்டு. இருதயத்துக்குச் செய்யப்படும் இந்த வித்தையின் இரண்டு கருவிகளும், அதாவது குழலும் சாயமும், சிறுநீரகத்தின் பக்கத்திலிருந்து வந்தவை. 1929இலே ஜேர்மனியில், எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் ஆஸ்பத்திரியிலே, வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தம் கை நரம்பின் வழியாகத் தாமே ஒரு குழலைச் செலுத்தி, அது இருதயத்தை எட்டிவிட்டதா என்று அறிய எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்றார். அவர் கையிலிருந்தது இருதயத்துக்கென்று செய்த குழல் அன்று. சிறுநீர்க் குழாய்க்குள்ளே விடுவதற்காகச் செய்தது. மேலதிகாரிகளின் வசவைத்தான் அவர் பெற்றார். இருதயத் துறையை விட்டுவிட்டுச் சிறுநீரக வைத்தியராகவே பிழைப்பு நடத்தினார். 1956இலே அமெரிக்காவிற் பணியாற்றிய கூர்னாண், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவரோடும் சேர்த்து இவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோதும் அந்தத் தொழிலிலேதான் இருந்தார்.

சாயத்தின் கதையும் இத்தகையதே. அமெரிக்காவின் மாயோ வைத்தியசாலையிலே மேகநோயாளருக்குச் சோடியம் அயடைட்டை மருந்தாகக் கொடுத்துவந்தார்கள். அவர்களுடைய சிறுநீர்ப்பை எக்ஸ் கதிர்ப் படத்திலே வெண்மையாகத் தெரிவதை 1923இலே சிலர் கவனித்தார்கள். பின்னர், 1929இலே, மோசஸ் ஸ்விக் என்னும் இளைஞர் ஜேர்மனியிலே பணிபுரிந்தபோது, நரம்பில் ஏற்றினால் சிறுநீரகம் வழியாக வெளியேறும் அயடீன் மருந்து ஒன்றைக் கொண்டு சிறுநீரகத்தையே படமாக்கிக் காட்டினார். யூரோசெலெக்டான் என்பது அதன் பெயர். சிறுநீரகம் இந்தப் பொருளை இரத்தத்திலிருந்து பிரித்து வெளியேற்றுவதனால்தான் அந்தப் படமே சாத்தியமாயிற்று. இன்றைய சாயமும் உடம்பை விட்டு வெளியேறுவதற்கு அந்த ஒரு வழியையே நம்பியிருக்கிறது. அந்த வழி பழுதுபட்டவருக்கு என்ன நேரும் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்திருக்கவேண்டியது. எழவில்லை.

இருதயக் குழாய்க்குள்ளே நேராகச் சாயம் விடுவது ஆபத்து என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்திலே, மேசன் சோன்ஸ் என்பவர் ஓர் இளைஞரின் பெருநாடியைப் படம் பிடிக்க முற்பட்டபோது, குழலின் நுனி தற்செயலாக வலப்பக்க இருதயக் குழாயிலே நுழைந்துவிட்டது. சாயம் முழுவதும் அதற்குள்ளே பாய்ந்தது. இருதயம் துடிப்பை நிறுத்திற்று. சோன்ஸ் அவரை இருமச் சொல்லிக் கத்தினார், அவரும் இருமினார், துடிப்பு மீண்டது. வேறொருவராயின் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு மறந்திருப்பார். சோன்ஸோ, 'இருதயம் இதைத் தாங்குகிறதே' என்று வியந்து, அதையே ஒரு முறையாக வளர்த்துவிட்டார். 1977 செப்டெம்பரிலே சூரிச் நகரத்தில் அந்திரியாஸ் குருன்சிக் அடைப்பைச் சிறு பலூனால் விரித்துக் காட்டினார். பின்பு வந்தது வலைக்குழல். மார்பைப் பிளக்காமல் உயிரைக் காக்கும் வழி திறந்துவிட்டது.

இதற்கிடையே, 1954இலே, மருத்துவ ஏடொன்றில் ஒரு செய்தி வெளிவந்தது. எலும்பு மச்சையிலே புற்றுநோய் கொண்ட ஒருவருக்குச் சிறுநீரகப் படம் எடுக்கச் சாயம் ஏற்றினார்கள். அதன்பின் அவருக்குச் சிறுநீர் பிரிவதே நின்றுபோயிற்று. சாயம் சிறுநீரகத்தை முடக்கியது என்று பதிவான முதற் செய்தியாக அதைச் சொல்வார்கள். இருதயப் படங்கள் பெருகப் பெருக இத்தகைய செய்திகளும் பெருகின.

சிறுநீரகத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம் புலவர்கள் நெஞ்சைப் பாடிய அளவுக்கு வேறோர் உறுப்பைப் பாடியவர் அல்லர். வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். குண்டிக்காயோடு கிளத்தியவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் தன் குறையை எவரிடமும் கிளத்துவதில்லை. இருதயம் நொந்தால் மார்பு வலிக்கும், மூச்சு வாங்கும். சிறுநீரகமோ பாதிக்குமேல் பழுதாகும் வரையில் ஒரு வலியையும் காட்டாது.

இருதயம் வெளியேற்றும் இரத்தத்திலே ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்கும் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீர்மம் அவற்றின் நுண்சல்லடைகளிலே வடிகிறது. அதில் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் தவிர ஏனைய அனைத்தையும் நுண்ணிய குழல்கள் மீட்டு இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. இந்த மீட்கும் வேலைதான் கடினமானது. அதிலும் சிறுநீரகத்தின் உட்பகுதியிலுள்ள குழல்கள் ஒட்சிசன் மிகக் குறைந்த இடத்திலே, எப்போதும் மூச்சுத் திணறும் நிலையிலே, ஓயாமல் உழைக்கின்றன. சாயம் வந்து சேர்ந்ததும் அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குழல்கள் நீரை மீட்க மீட்கச் சாயம் இறுகித் தடித்துக் குழல்களை அடைத்தவாறு மெல்ல நகர்கிறது. குழற்சுவரின் உயிரணுக்களையும் அது நேராகத் தாக்குகிறது. அரைவயிற்றுக் கஞ்சியோடு வேலைசெய்பவன் தலையிலே மேலும் ஒரு மூட்டையை ஏற்றினாற் போன்றதுதான். நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். முன்னமே நலிந்த உடம்பு தள்ளாடும்.

அல்மேனின் வழியிலே வந்த சாயங்கள் இந்தத் தொல்லையைக் குறைத்தன, ஒழிக்கவில்லை. இரத்தத்தின் செறிவை 290 என்று வைத்துக்கொண்டால், கடல் நீர் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். பழைய சாயங்கள் 1500க்கு மேல். புதியவை பெரும்பாலும் 600 முதல் 850 வரை. இரத்தத்துக்குச் சமமான செறிவுடைய சாயமும் பின்னர் வந்தது. ஆனால் அது பிசுபிசுப்பிலே மற்றவற்றை விஞ்சியது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடுகிறது. வேதியியலார் இன்னும் அந்தத் தராசோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, திருக்கோணமலைக்கு வருவோம். துறைமுகத்தின் அழகைப் பாடுவோர் பலர். மாவட்டத்தின் மறுகோடியிலே, வறண்ட வலயத்து வயல்களின் நடுவே, பதவிசிறிபுர என்றொரு பிரதேசம் இருப்பதை நம்மிலே பலர் நினைப்பதில்லை. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலே, மதவாச்சி, பதவியா முதலான இடங்களில், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத உழவர்களைச் சிறுநீரக நோய் வாரிக்கொண்டு போவது கண்டறியப்பட்டது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயரிட்டார்கள். எல்லைக்கு இப்பாலுள்ள பதவிசிறிபுரவும் அந்த நோய் நிலத்தைச் சேர்ந்ததே. ஆராய்ச்சியாளர் பலர் சென்று கிணற்று நீரையும் உழவர் வாழ்க்கையையும் ஆராய்ந்த இடம். கடின நீரா, அதிலுள்ள புளோரைட்டா, பயிர் மருந்தா, வெயிலிலே நீர் வற்ற உழைப்பதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. காரணம் எதுவாயினும், அந்த நோயின் குணம் அறிந்ததே: ஓசையின்றி வருவது, முதற்படிகளிலே தன்னைக் காட்டிக்கொள்ளாதது.

உழவரை விட்டு நகரத்தாரிடம் வந்தால் அங்கே நீரிழிவு காத்திருக்கிறது. இருதயக் குழாயை அடைக்கும் அதே நீரிழிவுதான் சிறுநீரகச் சல்லடையையும் அரிக்கிறது. இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களில் எத்தனை பேர் தேநீரைச் சீனியின்றிக் கேட்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். போதாக்குறைக்கு, மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கடையிலே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் வேறு. டைக்குளோபெனக், இபுபுரூபன் ஆகிய இவ்வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குள் செல்லும் இரத்தத்தைக் குறைக்கவல்லவை. வலையிழுப்பவரும் வயலுழுபவரும் மூட்டை சுமப்பவரும் இவற்றை மிட்டாய் போல் உண்பதை நாம் காண்கிறோம். ஆகவே, மார்பு வலி என்று வந்து நிற்பவரின் சிறுநீரகம் முன்னமே நலிந்திருப்பது இங்கே அபூர்வம் அன்று. சாயம் வேண்டியவரும் சாயத்தைத் தாங்கமாட்டாதவரும் பல வேளைகளிலே ஒரே மனிதராய்ப் போகிறார்.

அதை முன்கூட்டி அறிவதற்கு ஓர் எளிய இரத்தச் சோதனை உண்டு. தசையின் கழிவாகிய கிரியற்றினின் என்ற பொருள் இரத்தத்திலே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்ப்பது. ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பலாகாது. மெலிந்த முதியவருக்குத் தசையே குறைவு. ஆகவே கழிவும் குறைவு. சிறுநீரகம் பாதியாகத் தேய்ந்திருந்தாலும் அவருடைய எண் நல்லதாகவே தோன்றும். எனவே வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்டு, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிகிறது என்று காண்கிறார்கள். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நன்று. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நிலைத்தால் நாட்பட்ட நோய். முப்பதுக்குக் கீழே இறங்கினால் சாயத்தின்முன் மிகவும் விழிப்பு வேண்டும்.

இனி, முதலிலே குறிப்பிட்ட 'எப்போது' என்பதற்கு வருகிறேன். சாயம் ஏற்றிய அன்று கிரியற்றினின் எண் அசையாது. சிறுநீரகம் காயப்பட்டிருந்தாலும் இரத்தத்திலே கழிவு தேங்கி எண் உயர்வதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ செல்லும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையிலே அது உச்சிக்குப் போகும். அதன்பின் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்திலே இறங்கிவிடும். சிலருக்கு இறங்குவதில்லை. மிகச் சிலருக்கு இயந்திரத்தின் உதவியோடு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் நிலை வரும். ஆனால் நோயாளரை வீட்டுக்கு அனுப்புவது எப்போது? எல்லாம் நலமாக நடந்தால் மறுநாள்.

நம் மாவட்டத்து இருதய நோயாளர் நெடுங்காலமாகக் கொழும்புக்கும் கண்டிக்கும் சென்றுதான் இந்தச் சிகிச்சையைப் பெற்றுவந்திருக்கிறார்கள். கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரம். மூதூரிலே ஒரு மீனவ முதியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பிலே வலைக்குழல் வைத்தாயிற்று. மறுநாள் விடைகொடுத்துவிட்டார்கள். தம்புள்ளையும் ஹபரணைக் காடும் கடந்து, வெயிலிலே, வழியில் இறங்கச் சங்கடப்பட்டுத் தண்ணீரும் அளவாகவே குடித்து, மாலையிலே வந்து சேர்கிறார். மார்பு வலி இல்லை, வீடே கொண்டாடுகிறது. மூன்றாம் நாள் காலையிலே மகள் பார்க்கிறாள்.

"வாப்பா, கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கே?"

"ஒண்டுமில்ல மகள். பஸ்ஸில காலத் தொங்கப் போட்டு வந்த வீக்கம்."

"சாப்பாடும் வேணாமெண்டு சொல்றீங்க..."

"அசதிதான். கொழும்பு டொக்டரே எல்லாம் சரியெண்டு சொல்லிப்போட்டார்."

கொழும்பு வைத்தியர் சொன்னதிலே பொய்யில்லை. அவர் பார்த்த நாளிலே எல்லாம் சரியாகவே இருந்தது. வீக்கமேனும் வந்ததே என்று மகிழவேண்டியதுதான். பலருக்கு ஒரு குறியும் தோன்றாமலே எண் ஏறி இறங்கிவிடும், அல்லது ஏறி அங்கேயே தங்கிவிடும். மாதம் ஒன்று கழித்து, அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது, 'சிறுநீரகம் கொஞ்சம் குறைவு' என்று எவரோ சொல்வார்கள். எப்போது குறைந்தது என்று கேட்டால் விடை இராது. முந்திய எண்ணை எவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

இரண்டு நாளுக்குள் கிரியற்றினின் டெசிலீற்றருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே சிறுநீரகத்துக்குத் திடீர்க் காயம் என்று கொள்வது இன்றைய வைத்திய வழக்கு. இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் காணவேண்டுமானால் முன்னெண்ணும் வேண்டும், பின்னெண்ணும் வேண்டும்.

தடுப்பதற்கு மருந்து உண்டோ என்பார்கள். தேடியவர்கள் கொஞ்சமல்லர். சிறுநீரைப் பெருக்கும் மருந்தைக் கொடுத்தால் சாயம் விரைந்து வெளியேறும் என்று நம்பினார்கள். 1994இலே அமெரிக்காவில் நடந்த பரிசோதனை ஒன்றிலே, வெறும் உப்புநீர் ஏற்றியவர்களே அந்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களைவிட நன்றாயிருந்தார்கள். 2000ஆம் ஆண்டிலே, சளியைக் கரைக்கும் அசற்றைல் சிஸ்ரின் என்னும் மருந்து சிறுநீரகத்தைக் காக்கிறது என்று எண்பத்துமூன்று பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று. மலிவான மருந்து, தீங்கும் இல்லை, உலகம் முழுவதும் பதினெட்டு ஆண்டுகள் அதைக் கொடுத்தார்கள். 2018இலே ஏறக்குறைய ஐயாயிரம் பேரை வைத்துச் சோதித்தபோது அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தது. சோடாவுப்புக் கரைசலும் சாதாரண உப்புநீரைவிட மேலன்று என்பது அதே ஆராய்ச்சியின் முடிவு. கடைசியிலே எஞ்சியவை பகட்டில்லாத சில காரியங்கள். நரம்பு வழியே உப்புநீரை அளவோடு முன்னும் பின்னும் ஏற்றுவது. சாயத்தைக் கூடுமானவரை குறைப்பது. இரண்டு குழாய்களைத் திருத்தவேண்டுமானால், அவசரமில்லாதபோது, இரண்டாவதை வேறொரு நாளுக்குத் தள்ளுவது. வலி மாத்திரையை நிறுத்துவது. சிறுநீரகம் நலிந்த நீரிழிவுக்காரர் மெட்போமினைச் சிலநாள் விலக்கிவைக்கவேண்டியிருக்கும். அதை வைத்தியர் சொல்லவேண்டும். தாமாக நிறுத்துவதும் தாமாகத் தொடங்குவதும் கூடா.

நீர் நல்லது என்று கேட்டதும் குடம் குடமாகக் குடிப்போர் உண்டு. அதுவும் ஆபத்து. இருதயத்தின் பலம் குன்றியவருக்கு மிகுதியான நீர் நுரையீரலிலே தேங்கி மூச்சை அடைக்கும். ஒருவருக்கு எவ்வளவு நீர் என்பது அவருடைய இருதயத்தைப் பார்த்தே தீர்மானிக்கப்படுவது. பக்கத்து வீட்டாரின் அளவு நமக்கு ஆகாது.

இவ்வளவும் எழுதியதனாலே சாயத்தைக் கண்டு அஞ்சுவோர் பெருகிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. அந்த அச்சத்தினால் விளைந்த கேட்டையும் சொல்லிவிடுகிறேன். 2004இலே அமெரிக்காவிலே வெளிவந்த ஆய்வு ஒன்று, மாரடைப்பு வந்த முதியவர்களிலே சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு இருதயப் படம் எடுப்பது மிகவும் குறைவாக இருந்ததையும், எடுத்திருந்தால் அவர்களிலே பலர் பயன் பெற்றிருக்கக்கூடும் என்பதையும் காட்டிற்று. சிறுநீரகத்தைக் காக்கப்போய் இருதயத்தைக் கைவிட்ட கதை. மாரடைப்பு நேர்ந்து குழாய் முற்றாக அடைபட்டிருக்கும் வேளையிலே சிறுநீரகக் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்க எவருக்கும் நேரமில்லை; நிற்கவும் கூடாது. முதலில் உயிர்.

வேறொரு வழக்கும் வைத்தியருக்குள்ளே நடைபெறுகிறது. மாரடைப்பு வந்தவருக்கு இரத்த அழுத்தம் விழுகிறது. இருதயம் தள்ளும் இரத்தம் குறைகிறது. குழல் பெருநாடியின் சுவரை உரசும்போது கொழுப்புத் துணுக்குகள் பெயர்ந்து சிறுநீரகத்துக்குள்ளே போய் அடைப்பதும் உண்டு. இத்தனைக்கும் நடுவிலே பழியனைத்தையும் சாயத்தின் மேலே போடலாமா என்று கேட்கிறார்கள். நரம்பிலே சாயம் ஏற்றிக் கணினிப் படம் எடுத்தவர்களையும், சாயமின்றி எடுத்தவர்களையும் பெருந்தொகையாக ஒப்பிட்ட ஆய்வுகள் 2013இலே வந்தன. இருசாராருக்கும் சிறுநீரகக் காயம் ஏறக்குறைய ஒத்த அளவிலேயே காணப்பட்டது. நாடிவழியாக இருதயத்துக்கு ஏற்றுவது அதனோடு முற்றும் ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் பெயரையே மாற்றத் தொடங்கிவிட்டார்கள். 'சாயத்தால் விளைந்த காயம்' என்று முன்னே எழுதியவர்கள், இப்போது 'சாயத்தை ஒட்டி வந்த காயம்' என்று எழுதுகிறார்கள். மூன்றாம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் உள்ள பேதம் இவ்வளவு பெரிதா என்று தமிழாசிரியர்கள் மகிழலாம். என் மட்டிலே இந்தத் திருத்தம் நேர்மையானது என்றே கருதுகிறேன். எனினும், காயம் எதனால் வந்ததென்ற வழக்கு எப்படித் தீர்ந்தாலும், மூன்றாம் நாளிலே அதைத் தேடிப் பார்க்கவேண்டிய கடமை மாறப்போவதில்லை.

அந்தத் தேடல் பெருநகரத்துக்கே உரிய அதிசயமும் அன்று. கிரியற்றினின் பார்ப்பது மிகச் சாதாரணமான இரத்தச் சோதனை. அதற்காகக் கொழும்புக்குத் திரும்பவேண்டியதில்லை. நம் நோயாளரிடம் கிளினிக் கொப்பி என்று ஒன்று இருக்கிறது. மழையிலே நனையாமல் பொலித்தீன் பையிலே சுற்றி, காணி உறுதியைப்போல் காத்து வைத்திருப்பார்கள். புறப்படுமுன் பார்த்த கிரியற்றினின் எண்ணும், எத்தனை மில்லிலீற்றர் சாயம் ஏறியது என்பதும் அதிலே எழுதப்பட்டிருந்தால், மூதூரிலோ கந்தளாயிலோ கிண்ணியாவிலோ இருக்கும் வைத்தியர் அதைப் பார்த்துத் தம் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வார். எழுதப்படவில்லையென்றால், உடன் சென்ற மகனோ மகளோ விடைபெறும்போது கேட்டு எழுதுவித்துக்கொள்ளலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. திங்கட்கிழமை சிகிச்சை நடந்திருந்தால், இரத்தம் பார்க்கவேண்டிய நாள் புதன் அல்லது வியாழன்.